மாப்பிள்ளைச் செருப்பு

நம் காலத்தில் செருப்பு கடிக்கிறது என்று யாராவது சொன்னால், பெரியவர்கள் செருப்பைக் குறை சொல்லமாட்டார்கள். காலைத்தான் குறை சொல்வார்கள். என் வயதையொத்த உங்களுக்கு அது நினைவிருக்கும். கால் அகலம், விரல் பரந்திருக்கிறது, குதிகால் தடித்திருக்கிறது என்று ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடிப்பார்கள். செருப்பு மட்டும் ஒன்றும் அறியாததுபோல வாசலில் கிடக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்கு இக்கரையில் பெர்மாஸ் ஜெயாவிலுள்ள அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காளின் மகள் சிங்கப்பூரில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுதும் நின்று சமைப்பவர்களுக்கென்று மர அடியும் கெட்டித் தோலும் வைத்துச் செய்த செருப்பு ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தாள். இரு குதிகால்களிலும் பிளாஸ்திரி.

"சித்தி, இத போட்டுக்கிட்டு பாலம் தாண்டுறதுக்குள்ள உயிரு போயிடுது லா. தூக்கிப் போடவும் மனசு வரல" என்றாள்.

அக்காள் அந்தச் செருப்பை வாங்கி, முகர்ந்து, பட்டையை நகத்தால் தட்டிப் பார்த்தாள். "வெளக்கெண்ண இருக்குதான்னு பாரு. கொஞ்சம் சுட வச்சு எடுத்துட்டு வா" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு மழைக்காலம் முழுவதும் எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். யோங் பெங்குக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்தில் பிறவாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு லயம் என்று பெயர். அந்த வரிசைக்கு முன்னால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும் சிமெண்டுத் தாழ்வாரத்தை அஞ்சடி என்போம். மழைக்காலத்தில் எங்கள் உலகம் அந்த அஞ்சடிதான். முன்னால் செம்மண் சேறு. அதற்கப்பால் நனைந்து கறுத்த ரப்பர் மரங்கள். இடையில் நாங்கள் கட்டைச் செருப்போடு ஓடிக்கொண்டிருப்போம்.

கட்டைச் செருப்பை யோங் பெங் கடைத்தெருவில், தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீனக் கடைக்காரரிடம் வாங்குவோம். கடை முகப்பில் சிவப்புச் சாயம் பூசிய அடிக்கட்டைகள் விறகுபோலக் குவிந்திருக்கும். நாம் காலை வைக்கவேண்டும். அவர் ரப்பர்ப் பட்டையை மேலே வளைத்துப் பிடித்து, வாயில் கவ்வியிருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அங்கேயே அறைந்து தருவார். ஆணிகளைக் கவ்வியபடியே தமிழும் பேசுவார். "போடு, போடு. நாளைக்கு லூசு ஆயிடும்" என்பார். நாளைக்கு ஆகாது. புதுச்சாயத்தின் மணம் போன பிறகும் பட்டை விடாது; புறங்காலில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டேயிருக்கும்.

ஆனால் அதன் ஓசைக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். அஞ்சடியில் வருவது யார் என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவோம். அப்பா வந்தால் கனமாக, அளந்து அளந்து வரும். அடுத்த வீட்டுச் சின்னம்மா வந்தால் ஒரு கட்டை ஓங்கியும் மறுகட்டை தேய்ந்தும் ஒலிக்கும். அக்காள் வந்தால் மூன்று ஓசை கேட்கும்: கட்டை தரையில் படும் ஓசை, குதிகால் கட்டையில் படும் ஓசை, பிறகு கட்டைக்கு வெளியே நீண்டிருக்கும் குதிகால் சிமெண்டில் உரசும் ஓசை.

அக்காளுக்குக் கால் பெரிது. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். உயரமும் அதற்கேற்ற உயரம். இருந்தும் அம்மாவுக்கு அந்தக் கால் பெருங்கவலையாக இருந்தது. பெண்ணுக்குக் கால் பெரிதானால் புருஷனை அடக்கி ஆள்வாள், மாமியார் வீட்டார் வேண்டாமென்பார்கள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். ஆகவே சிறுவயது முதலே அவளுக்கு ஓர் அளவு சிறிய கட்டையையே அம்மா வாங்கினார். செருப்பு சிறிதாயிருந்தால் கால் அதற்குள் அடங்கி நின்றுவிடும் என்பது அவர் எண்ணம். கால் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து கட்டைக்கு வெளியே போயிற்று.

அம்மாமேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. மகளின் நன்மைக்கென்றே செய்தார். அக்காள் அதை எதிர்கொண்ட விதம்தான் இன்றும் என்னை வியக்கவைக்கிறது. அவள் அழவில்லை, எங்கே கடிக்கிறது, ஏன் கடிக்கிறது என்று பார்த்தாள். பட்டையின் ஓரத்தை உள்பக்கமாக மெழுகுவர்த்தியால் தேய்ப்பாள். கட்டையின் விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழுவழுப்பாக்குவாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டைக்கு உறை தைப்பாள். கடிக்கும் செருப்பை வாங்கிக் கொடுத்து வாங்கிக் கொடுத்தே, கடிக்கும் செருப்பை வழிக்குக் கொண்டுவரும் கலையில் அம்மா அவளைத் தேர்ச்சியுறச் செய்துவிட்டார்.

அவ்வாண்டு ஆவணியில் அக்காளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை காஹாங்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். தகப்பனார் இல்லை, தாயாரோடு வந்திருந்தார். தாயார் ஆகிருதியான பெண்மணி. அம்மா அக்காளின் காதருகே, "காலை உள்ள இழுத்துக்க. என்னா ஆனாலும் சேலைக்கு வெளிய வுடாத" என்று சொல்லி அனுப்பினார். அக்காள் பாயில் உட்கார்ந்தாள். பாதமே இல்லாத பொம்மைபோல் இருந்தாள். எதிரே மாப்பிள்ளையின் தாயாரும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, வந்தது முதல் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ அடக்கமான பொம்பள" என்று அம்மா பின்னால் அப்பாவிடம் புகழ்ந்தார்.

மாப்பிள்ளை யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புச் சப்பாத்து அணிந்து வந்திருந்தார். வாசலில் அதைக் கழற்றியபோது அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியை நான் பார்த்தேன். புறப்படும்போது மீண்டும் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கைகூப்பிவிட்டு, மிடுக்காக நடக்க முயன்றார். நானும் அக்காளும் அடுப்பங்கரைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதை வளைந்து எங்கள் லயம் மறைந்துவிட்டது என்று எண்ணிய இடத்தில், மாப்பிள்ளை ஒரு மரத்தின்மேல் கையை ஊன்றி இரண்டு சப்பாத்துகளையும் உருவினார். ஒரு கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். தாயார் ஏதோ வைதார், அவர் சிரித்தார்.

"பாவம்டி, கடிச்சிருச்சு" என்றாள் அக்காள்.

அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டாள். "ஏன்க்கா அவ்ளோ சீக்கிரம் சரின்னுட்ட?" என்று நான் கேட்டேன்.

"கடிச்சா கழட்டிட்டு நடக்குறாரு பாரு. வலிக்காத மாதிரி நடிக்கிற ஆளா இருந்தா யோசிச்சிருப்பேன்."

ஆனால் எங்கள் தோட்டத்து வழக்கப்படி, அவர் ஒருநாள் மட்டும் செருப்பைக் கழற்ற முடியாது. அதுதான் அக்காளின் கவலையாயிற்று.

அந்த வழக்கத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியானதும், பெண்ணின் தாய்மாமன் கோயில் வாசலில் குனிந்து மாப்பிள்ளைக்குப் புதுச் செருப்புப் போட்டுவிடவேண்டும். அந்தச் செருப்போடு மாப்பிள்ளை, மணப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு, தோட்டத்திலுள்ள எல்லா லயங்களையும் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆலத்தி எடுப்பார்கள். பெண்வீட்டுப் படியேறும்வரை செருப்பைக் கழற்றக்கூடாது. கழற்றினால் தாய்மாமனை அவமதித்ததாகும். செருப்போ தோற்செருப்பாக இருக்கவேண்டும். முந்திய ஆண்டு கீழ்லயத்துக்கு மருமகனாக வந்தவர் பாதிவழியில் நொண்டத் தொடங்கி, குதிகாலில் இரத்தம் கசிய, கண்ணில் நீர் தளும்ப வந்து சேர்ந்தார். தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் அவரைவிட வேகமாக ஓடுபவர் கிடையாது. ஆயினும் அன்று முதல் அவருக்கு நொண்டி மாப்பிள்ளை என்றே பெயர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போதுகூட, "போடு, நொண்டி மாப்ள, போடு" என்றுதான் எல்லைக் கோட்டிலிருந்து கத்துவார்கள். நம் மக்கள் பெயர் வைத்தால் வைத்ததுதான்.

எங்கள் தாய்மாமன் அப்போது தாய்நாட்டிலுள்ள ஊருக்குக் கப்பலேற இருந்தார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து காலளவு வரவழைத்தார்கள். அந்நாளில் அளவு என்பது ஒரு தென்னை ஈர்க்கு. காலடியில் வைத்து நீளத்துக்கு ஒடித்துக் கொடுப்பார்கள். அந்த ஈர்க்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மாமா போனார். கார்த்திகையில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், செருப்போடு திரும்பினார்.

அது செருப்பன்று, கதவு. மாட்டுத்தோலை அடுக்கடுக்காய் வைத்துத் தைத்த அடி, கட்டைவிரலுக்கு ஒரு வளையம், குறுக்கே இரண்டு பட்டைகள், பட்டைமேல் ஒரு பித்தளைப் பூ. மாமா அதைத் தரையில் போட்டபோது பலகை விழுந்த ஓசை கேட்டது.

"வாழ்நாளுக்கும் தேயாது மச்சான்" என்று அப்பாவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

"தேயாது, சரி. வளையுமா?" என்று கேட்ட அப்பா, முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு கீழே வைத்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. அடுத்த வீட்டுச் சின்னம்மா பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, எண்ணெய் கூடாது, சப்பாத்துக்குப் போடும் மைதான் வேண்டும் என்றார். கோயில் பூசாரி மழையில் ஓரிரவு போடச் சொன்னார். அப்பா யார் சொல்லையும் கேளாமல் அதை அரிசி மூட்டைக்கடியில் வைத்தார். எடுத்தபோது முன்னிலும் தட்டையாக, முன்னிலும் கெட்டியாக இருந்தது. கடைசியில் நொண்டி மாப்பிள்ளையே நேரில் வந்தார். செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, ஒரு ரப்பர் சிலிப்பர் வாங்கிக் குடுத்துடுங்க. மனுசன் பாவம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

யாராவது போட்டு நடந்தால் தோல் இளகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பா ஒருநாள் தம் காலை நுழைத்தும் பார்த்தார். அவர் கால் அதற்குள் குழந்தைக் கால்போல் ஆடியது. அம்மா பார்த்துவிட்டார். "கழட்டுங்க மொதல்ல. எவனோ போட்ட செருப்ப மாப்பிள்ளைக்குக் குடுத்தாங்கன்னு பேரு வாங்கவா? நாளைக்கு அந்தம்மா நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கும்" என்று வைது, செருப்பைச் செய்தித்தாளில் சுற்றிச் சுவர்த் தட்டின்மேல் வைத்துவிட்டார். ஈரக்காற்றில் சில நாளிலேயே அதன்மேல் வெண்பூஞ்சணம் படர்ந்தது.

பள்ளி விடுமுறை நாள்கள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். நிச்சயமான பெண் என்பதால் அக்காள் வேலைக்குப் போகவில்லை. ஒரு காலையில், பூஞ்சணத்தைத் துடைப்பதற்காக அவள் செருப்பை இறக்கினாள். பட்டைக்குள் அந்த ஈர்க்கும் செருகியிருந்தது. அதை எடுத்து விளையாட்டாகத் தன் காலடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து மறுபடி வைத்துப் பார்த்தாள். குதிகாலில் தொடங்கிய ஈர்க்கு கட்டைவிரல் நுனியில் முடிந்தது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

"ஏய், இங்க வாடி. இத பாரு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். பிறகு சிரித்துவிட்டாள்.

அந்தக் காலையிலிருந்து அவள் மாப்பிள்ளையின் செருப்பைப் பழக்கத் தொடங்கினாள். எனக்கும் அவ்வாரம் வாங்கிய புதுக்கட்டை கடித்துக்கொண்டிருந்ததால் இருவருமாக நடந்தோம். விளக்கெண்ணெயைச் சூடாக்கிப் பட்டையின் உள்பக்கம் மட்டும் தடவினாள். அடியில் தடவினால் வழுக்கும் என்பாள். அடித்தோலைப் பரோட்டா மாவைப்போல் முன்னும் பின்னும் வளைத்துப் பிசைந்தாள். கட்டைவிரல் வளையத்துக்குள் ஈரத்துணியைச் சுருட்டித் திணித்து, ஊறியபின் அதை எடுத்துவிட்டுத் தன் விரலை நுழைத்தாள். முதலில் பாதத்தில் மெல்லிய மல்துணி சுற்றிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நடந்தாள். பிறகு துணியில்லாமல் நடந்தாள். நிமிடத்துக்கொருமுறை கழற்றி, கால் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்த்து, அதே இடத்துக்கு நேரான தோலை ஈரம்பட்ட கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"வலிக்கிற வரைக்கும் போடாதடி. வலிக்கப் போவுதுன்னு தெரியும்ல, அப்பவே கழட்டிடு" என்று என் கட்டைக்கும் அதே சட்டம் விதித்தாள்.

ஒரே ஒரு தொல்லை. அந்தச் செருப்பு நடக்கும்போது கறக் கறக் என்று முனகியது. லயத்தின் சுவர்கள் கூரைவரை எட்டாதவை. ஒரு வீட்டில் தும்மினால் மறுகோடியில் வாழ்த்துச் சொல்வார்கள். ஆகவே அவள் உள்ளே நடக்கும்போது நான் அஞ்சடியில் கட்டையை ஓங்கி ஓங்கி வைத்து நடந்தேன். அவள் நின்றால் நானும் நிற்பேன். அவள் திரும்பினால் நானும் திரும்புவேன்.

"அலமாக், என்னாடி அந்தச் சத்தம்? இப்பதான்டி புள்ள கண்ண மூடுச்சு" என்று சின்னம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"கட்டைய பழக்குறேன் சின்னம்மா."

"கட்டைய பழக்குறியா, எங்களப் பழக்குறியா?"

அடுப்பங்கரையில் அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மழை வலுத்து, தகரக்கூரை முழங்கினால் எங்களுக்குக் கொண்டாட்டம். கறக் ஓசையும் கேளாது, கட்டை ஓசையும் கேளாது. அப்போது அவள் வாசல்வரை வந்து, கைகளை வீசிக்கொண்டு திரும்பி நடப்பாள். அந்த நடை எனக்குப் புதிதாக இருந்தது. அவள் குதிகால் முதன்முறையாக ஒரு செருப்புக்குள் முழுமையாக நின்றது. கட்டைச் செருப்பில் சற்றுக் குனிந்தே நடந்து பழகியவள், அதில் நிமிர்ந்து நடந்தாள். தோலும் நாளுக்கு நாள் இளகி, முனகலை நிறுத்தி, கறுத்து மினுங்கத் தொடங்கியது. மார்கழி முடிவதற்குள் அது அவள் கையில் வெற்றிலையைப்போல் மடங்கியது. துடைத்து, பழைய செய்தித்தாளிலேயே சுற்றி, தட்டின்மேல் வைத்துவிட்டோம். மழைக்காலத்து மங்கிய வெளிச்சத்தில் ஒன்றை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை.

தையில் திருமணம். மழை விட்டு, எல்லாம் கழுவிவிட்டதுபோல் இருந்த காலை. தாலி கட்டியாயிற்று. கோயில் வாசலில் மாமா பித்தளைத் தட்டில் செருப்பை வைத்து ஏந்திவந்தார். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. மாப்பிள்ளையின் தாயார் பார்ப்பதற்காகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னா இது, வெரலு பதிஞ்சிருக்கு?" என்றார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். அடித்தோலில் ஐந்து விரல்களும் ஒரு குதிகாலும் கறுப்பாக, தெளிவாகப் பதிந்திருந்தன.

"புதுசும்மா. நானே கப்பல்ல கொண்டாந்தேன்" என்றார் மாமா. அவர் குரலிலேயே ஐயம் தட்டியது.

"புதுசுல ஏது காலு? யாரு போட்ட செருப்பு இது?"

நாயனக்காரர் தாமாகவே வாசிப்பதை நிறுத்தினார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒரே ஒரு தரந்தான் காலை வச்சேன்" என்று அப்பா மெல்லச் சொன்னார். அந்த நேரத்தில் அவ்வளவு நேர்மை தேவையே இல்லை.

"சம்பந்தி போட்டுப் பாத்த பழைய செருப்பா எம்மவனுக்கு?" என்று தாயாரின் குரல் உயர்ந்தது. காஹாங்கிலிருந்து வந்திருந்த உறவினர்களுக்குள் சலசலப்பு எழுந்தது. "வண்டிய திருப்பச் சொல்லுங்க, நம்ம வீட்டுக்கே போலாம்" என்று யாரோ சொன்னார். கட்டிய தாலி கட்டியதுதான். ஆனால் இப்படித் தொடங்கும் வாழ்வை அக்காள் எப்படிக் கொண்டுசெலுத்துவாள்? அம்மாவின் கை என் தோளைப் பற்றியிருந்தது. சொல்லிவிடலாமா என்று நான் வாயெடுப்பதற்குள் அக்காள் நகர்ந்தாள்.

மாலையும் கழுத்துமாக ஓரடி முன்னால் வந்து, மாமாவின் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்தாள். கூறைச்சேலையின் கரையைக் கணுக்கால்வரை தூக்கினாள். "காலை உள்ள இழுடி" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. மஞ்சள் பூசி, மருதாணியிட்டு, புதுமெட்டி மின்னிய அந்தப் பெரிய பாதத்தை, ஊரும் உறவும் பார்க்க, அக்காள் செருப்பின்மேல் வைத்தாள். விரலுக்கு விரல், குதிகாலுக்குக் குதிகால், பொருந்தியது.

"நாந்தான் அத்த போட்டேன். பொண்ணு பாக்க வந்தப்ப இவங்களுக்குச் சப்பாத்து கடிச்சிருச்சு, நான் பாத்தேன். இன்னிக்கும் கடிக்கக் கூடாதுன்னு போட்டுப் பழக்குனேன். வேற யாரும் போடல."

அவ்வளவு நாள் பாய்க்கடியிலும் சேலைக்கடியிலும் மறைத்துவைத்த கால் வெயிலில் இருந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். தம் காலை எடுத்து அக்காளின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு" என்றார். அவர் உதடு துடித்தது, அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார்.

தாயார் சிரிக்கவில்லை. அக்காளின் காலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் பட்டுச்சேலையின் கரையை மெதுவாகத் தூக்கி, தம் காலையும் அந்த வரிசையில் கொண்டுவந்து வைத்தார். அது மற்ற இரண்டையும்விடப் பெரிது.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மூடிக்கிட்டுத்தான் ஒக்காரச் சொன்னாங்க" என்றார். "அன்னிக்கிலேருந்து மூடிக்கிட்டேதான் ஒக்காந்திருக்கேன். கால் மரத்துப்போவுது." பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போட்டு வுடுங்க. வெயிலு ஏறுது" என்றார்.

நாயனம் மீண்டும் எழுந்தது. மாப்பிள்ளை, அன்றுமுதல் என் அத்தான், அந்தச் செருப்போடு எல்லா லயங்களையும் சுற்றிவந்தார். ஆலத்தித் தட்டுகளில் கர்ப்பூரம் மணத்தது. காய்ந்துகொண்டிருந்த செம்மண் சூடாக மூச்சுவிட்டது. நொண்டி மாப்பிள்ளை வழிமுழுதும் பின்னால் வந்து, அத்தானின் குதிகால்களைவிட்டுப் பார்வையை எடுக்கவேயில்லை. தமக்குத் துணையாக ஒருவர் வந்து சேரக்கூடும் என்ற நம்பிக்கை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

"அண்ணே, உண்மையாவே கடிக்கலையா?" என்று கீழ்லயத்து முனையில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"இல்ல தம்பி. ரொம்ப நாள் போட்ட மாதிரி இருக்கு."

எங்கள் லயத்துக்கு முன்னால் பாதையில் கூழாங்கல் கொட்டியிருந்தார்கள். மணப்பெண்ணுக்குச் செருப்புப் போடும் வழக்கம் கிடையாது. அக்காள் வெறுங்காலோடு நடந்துவந்தாள். கல் குத்தி அவள் ஒரு கணம் தயங்கியதை அத்தான் பார்த்துவிட்டார். நின்று, வலக்காற்செருப்பை உருவி அவள் முன்னால் தள்ளினார்.

"கழட்டக் கூடாது மாப்ள" என்று மாமா பதறினார்.

"ஒண்ணு கால்லதானே இருக்கு மாமா" என்றார் அத்தான்.

மாமா யோசித்தார். பூசாரி யோசித்தார். வழக்கத்தில் அதற்கு இடமுண்டு என்றும் சொல்லமுடியவில்லை, இல்லை என்றும் சொல்லமுடியவில்லை. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு செருப்போடு, ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் அசைந்துகொண்டு, இருவரும் எங்கள் வீட்டுப் படியேறிவிட்டார்கள். எல்லாரையும்விட ஓங்கிச் சிரித்தவர் அத்தானின் தாயார்.

அடுத்த முறை யோங் பெங் போனபோது அம்மா என்னைத் தவுக்கேயின் கடைக்கு அழைத்துப் போனார். என் அளவுக்குக் கட்டையெடுத்தவர், தவுக்கே ஆணியடிக்கும்போது குனிந்து நின்று பார்த்தார். "பட்டைய கொஞ்சம் தாராளமா அடிங்க. வளர்ற புள்ள" என்றார்.

அந்தச் செருப்பு இப்போது இல்லை. பலமுறை தைத்து, பலமுறை பட்டை மாற்றி, ஒரு வெள்ளத்தில் காஹாங் வீட்டுப் பின்கட்டோடு போயிற்று. ஆனால் அந்த இருவரும் அதன்பிறகும் ஒரு ஜோடிதான் வாங்குகிறார்கள். தேய்ந்தால் அடுத்த ஜோடி. அதுவும் கெட்டித் தோலாக. அக்காள் பழக்குவாள், இருவரும் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டில் வாசற்செருப்பைப் பார்த்து யார் இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லிவிடலாம். அக்காள் வீட்டில் அது முடியாது.

சென்ற ஞாயிறும் அப்படித்தான். விளக்கெண்ணெய் சூடாகி வந்தது. அக்காள் மகளின் செருப்பை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தாள். மகள் பிளாஸ்திரியை உரித்துவிட்டு, பாதத்தில் மல்துணி சுற்றிக்கொண்டு காத்திருந்தாள். "அப்பாவ எங்கம்மா காணோம்?" என்றாள்.

"நான் கோயிலுக்குப் போலாம்னு செருப்பத் தேடுறேன், அவரு மாட்டிக்கிட்டுப் பாசாருக்குக் கெளம்பிட்டாரு."

வேலிக்கதவு திறந்தது. அத்தான் ஒரு கையில் கீரைக்கட்டும் மறுகையில் மீன்பையுமாக வந்தார். கூந்தல் நரைத்த அக்காள் வாசலுக்குப் போய், இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாரு செருப்ப யாரு போட்டுக்கிட்டுப் போறது?"

"மாப்பிள்ள செருப்பு. மாப்பிள்ளதானே போடணும்" என்றார் அத்தான்.

"பழக்குனது யாரு?"

அத்தான் கீரையையும் மீன்பையையும் படியில் வைத்தார். ஒரு செருப்பை உருவி அவள் பக்கம் தள்ளிவிட்டு, மற்றதோடு வாசலிலேயே நின்றார்.